குளிர்கிடங்கில் 7 வாரம் இருந்த ஊசியிலைக் கன்றுகள்: மேலே பச்சை, அடியில் பூஞ்சணம். எதை நடுவது, எதைக் கழிப்பது?

பதியம்77 (கேள்வி)

குழித்தட்டில் வளர்ந்த ஓராண்டு டக்ளஸ் ஃபிர், லாட்ஜ்போல் பைன் கன்றுகள். குளிர்காலத் தொடக்கத்தில் தட்டிலிருந்து எடுத்து, உள்ளே பாலித்தீன் உறை போட்ட அட்டைப் பெட்டிகளில் அடுக்கி, பிளஸ் 2 டிகிரி செல்சியஸ் அறையில் வைத்து 7 வாரம் ஆகிறது. நடவுக்கு இன்னும் 3 வாரம் இருக்கிறது.

சில பெட்டிகளைத் திறந்தபோது கண்டது: ஊசிகள் எல்லாம் பச்சை. சிலவற்றில் அடி ஊசிகள் மேல் சாம்பல் நிறப் பூஞ்சணம். அடுக்கின் நடுவில் இருந்த மூன்று நான்கு பெட்டிகளில் புளித்த வாடை.

கைவசம் ஈ.சி. மீட்டர் (நீரின் மின்கடத்துத்திறனை அளப்பது), 1 மி.கி. வரை காட்டும் தராசு, உலர்த்தும் அடுப்பு, வெதுவெதுப்பான ஒரு கண்ணாடிக் கூடம் இருக்கின்றன. பச்சைய ஒளிர்வுமானி (இலைப் பச்சையம் உமிழும் ஒளியை அளக்கும் கருவி) இரவல் கிடைக்கும். இவற்றைக் கொண்டு எந்தப் பெட்டி தேறும் என்று எப்படி முடிவு செய்வது? நாற்றங்காலிலேயே எதையெல்லாம் அளந்திருக்க வேண்டும்? அடுத்த முறை பூஜ்யத்துக்குக் கீழே வைப்பது மேலா?

வேர்க்கழுத்து

முதலில் ஊசியின் பச்சையை நம்புவதை விடுங்கள். ஊசியிலை மரக் கன்று செத்த பிறகும் குளிரிலும் இருட்டிலும் பல வாரம் பச்சையாகவே இருக்கும். வேர் முழுக்கச் செத்திருந்தாலும், நட்டு வெயில் பட்டு நீர் இழுக்க வேண்டிய நாள் வரும்வரை மேலே ஒன்றும் தெரியாது. நட்ட மூன்றாம் வாரம் மொத்தமாகச் சிவந்து நிற்கும்போது பழி மழைமேல் போகும்.

மாதிரி எடுப்பது: கதவோரப் பெட்டியில் நான்கு கன்றை உருவிப் பார்ப்பது மாதிரி ஆகாது. அடுக்கின் மேல், நடு, அடி, மின்விசிறிக்கு அருகில், தூரத்தில் என்று பெட்டிகளைப் பிரித்து எடுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் நடுக்கட்டிலிருந்து 5 கன்று. இனம், விதைத் தொகுதி, எடுத்த தேதி மாறினால் அது தனி மாதிரி, கலக்கக் கூடாது. புளித்த வாடை அடித்த பெட்டிகளையும் தனித் தொகுதியாகவே வையுங்கள். அந்த வாடை திசு காற்றில்லாமல் நொதித்ததன் அடையாளம்.

பெட்டியைத் திறந்ததும் தெர்மாமீட்டர் முனையைக் கன்றுக்கட்டின் நடுவில் செருகுங்கள். அறைச் சுவரில் பிளஸ் 2 காட்டும். இடைவெளியில்லாமல் அடுக்கிய பெட்டியின் நடுவில் 5, 6 இருக்கும். கன்று இருட்டிலும் மூச்சுவிடுகிறது, அந்தச் சூடு வெளியேற வழியில்லை. சூடு ஏறினால் மூச்சு இன்னும் வேகம் எடுக்கும், சேமித்த சர்க்கரை கரையும், பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம்.

அடுத்தது கூர்மையான கத்தி. மூன்று இடங்களில் பாருங்கள்.

தண்டில், வேர்க்கழுத்துக்கு (தண்டும் வேரும் சேரும் இடம்) 1 செ.மீ. மேலே பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். ஈரமான வெண்பச்சை நல்லது. தேன் நிறமோ பழுப்போ வந்தால் வளர்படலம் (பட்டைக்கடியில் புதுத் திசு உருவாகும் அடுக்கு) போய்விட்டது.

நுனிமொட்டை நெடுக்கில் இரண்டாகப் பிளந்து 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். உள்ளே இளம்பச்சைக் குருத்து பளிச்சென்று தெரிய வேண்டும்.

வேரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உறக்கநிலையில் வெள்ளை நுனி இருக்காது; வேர் பழுப்பாக இருப்பதாலேயே செத்தது என்று கழித்துவிடாதீர்கள். நகத்தால் மேல்தோலை இழுங்கள். நல்ல வேரில் தோல் கழலாமல் ஒட்டியே இருக்கும், வெட்டினால் உள்ளே பால்வெள்ளை. அழுகிய வேரில் தோல் உறை கழல்வதுபோல் உருவிக்கொண்டு வந்து நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். இது பித்தியம், ஃபைட்டாப்தோரா வகை அழுகலின் கையெழுத்து. பெரும்பாலும் கிடங்கில் தொடங்கியதல்ல, நாற்றங்காலிலிருந்தே கூட வந்தது.

பூஞ்சணம் பற்றி: சாம்பல் நிறம் என்றால் அநேகமாகப் போட்ரைடிஸ். பூஜ்யம் டிகிரியை ஒட்டியும் மெதுவாக வளரும். நெருக்கமான தட்டில் வெளிச்சம் படாமல் செத்த அடி ஊசிகளில் முதலில் பிடிக்கும். அந்த ஊசிகளோடு நின்றிருந்தால் கன்றுக்குக் கேடில்லை, ஆனால் இனிமேல் காத்திருக்காமல் நட வேண்டிய பெட்டி அது. பூஞ்சணத்தை விரலால் துடைத்துவிட்டு அடியில் தண்டை அழுத்துங்கள். கெட்டியாக இருந்து சுரண்டினால் பச்சை என்றால் பிழைக்கும். மெத்தென்று அமுங்கினாலோ, தண்டைச் சுற்றிப் பழுப்பு வளையம் இருந்தாலோ கழித்துவிடுங்கள். நுனிவரை ஏறிய கன்றுக்கும் அதே முடிவு. கிடங்குக்குள் மருந்து தெளிக்க வேண்டாம். ஏற்கெனவே ஈரம் மிகுந்த பெட்டியில் இன்னும் ஈரம் சேர்ப்பதுதான் மிச்சம்.

ஈசிமீட்டர்

கத்திச் சோதனை முழுச்சாவைக் காட்டும், அரைச்சாவைக் காட்டாது. மீட்டரும் தராசும் இருக்கும்போது மெல்லிய வேரின் உப்புக் கசிவை அளந்துவிடலாம். இரண்டு நாளில் எண் கிடைக்கும். செல்சவ்வு உடைந்தால் உள்ளிருக்கும் அயனிகள் தண்ணீரில் கசியும். எவ்வளவு கசிந்தது, மொத்தம் எவ்வளவு இருந்தது என்ற விகிதம்தான் கணக்கு.

1. வேர்க்கட்டியைக் குழாய்த் தண்ணீரில் மண்ணூடகம் போகக் கழுவி, பிறகு அயனி நீக்கிய நீரில் இரண்டு மூன்று முறை அலசவும். உர உப்பு மிச்சமிருந்தால் எண் பொய்யாகும்.
2. 2 மி.மீ.க்குக் குறைவான வேர்களை மட்டும், கட்டியின் நடுப்பகுதியிலிருந்து வெட்டி, மேல் ஈரத்தை ஒற்றி, 100 முதல் 500 மி.கி. எடுக்கவும். வெட்டுமுனை எவ்வளவு அதிகமோ அவ்வளவு கசிவு, அதனால் நறுக்கித் தூளாக்க வேண்டாம்.
3. 28 மி.லி. மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் 16 மி.லி. அயனி நீக்கிய நீர், அதில் வேர். வேரில்லாத வெறும் நீர்க் குப்பி இரண்டும் கூடவே.
4. அறை வெப்பத்தில் 24 மணி நேரம். குலுக்கி, முதல் ஈ.சி. அளவு.
5. ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) 110 டிகிரியில் 10 நிமிடம். மூடி தளர்வாக இருக்கட்டும். அறை வெப்பத்துக்கு ஆறிய பிறகே இரண்டாம் அளவு; சூட்டில் அளந்தால் ஈ.சி. கூடுதலாகக் காட்டும்.
6. இரண்டிலும் வெறும் நீரின் அளவைக் கழித்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்து 100 ஆல் பெருக்கவும்.

ஒவ்வொரு தொகுதிக்கும் குறைந்தது 15 கன்று, கன்றுக்கு ஒரு குப்பி. எல்லா வேரையும் ஒரே குப்பியில் போட்டால் சராசரி மட்டும் தெரியும். பாதி செத்து பாதி நன்றாக இருக்கும் பெட்டியும், எல்லாம் சுமாராக இருக்கும் பெட்டியும் ஒன்றுபோலத் தோன்றும்.

பச்சைய ஒளிர்வுமானி இரவல் வந்தால் ஊசியை 20 முதல் 30 நிமிடம் இருட்டில் வைத்து Fv/Fm (ஒளிச்சேர்க்கைத் திறனைக் காட்டும் விகிதம்) அளவெடுங்கள். கோடையில் நல்ல இலை 0.8க்குச் சற்று மேல் காட்டும். குளிரில் பதமான ஊசி அதற்குக் கீழே இருப்பது இயல்பு. வெதுவெதுப்பில் ஓரிரு நாள் வைத்தபின் மேலே ஏறுகிறதா என்பதுதான் செய்தி, ஏறாமல் 0.6க்குக் கீழேயே கிடந்தால் ஊசியில் காயம். ஆனால் இது ஊசியை மட்டும்தான் சொல்லும், வேரைப் பற்றி வாய் திறக்காது.

புதுவேர்

ஈசிமீட்டர் சொன்ன முறை சரி. அதில் ஒரு குழி இருக்கு, அதைச் சொல்லாம விட்டுட்டார். வேர் செத்துப் பல வாரம் ஆகி ஈரத்திலேயே கிடந்தா, அதிலிருந்த உப்பு பெட்டிக்குள்ளேயே கசிஞ்சு முடிஞ்சிருக்கும். குப்பியில போட்டா கசிய ஒண்ணும் இல்ல, விகிதம் குறைவா வந்து ‘நல்ல வேர்’னு சொல்லும். அதனால ரெண்டாம் அளவை ஒரு கிராம் வேருக்கு எவ்வளவுன்னு தனியாப் பாருங்க. மத்த கன்றுகளைவிட அது ரொம்பக் குறைஞ்சிருந்தா அந்த விகிதத்தை நம்பாதீங்க.

அப்புறம், எந்த விகிதம் ஆபத்துன்னு எல்லா இனத்துக்கும் ஒரே எண் கிடையாது. எடுத்த அன்னைக்கு அளந்த எண்தான் உங்க அடிக்கோடு. அது இல்லேன்னா அதே தொகுதியில நாற்றங்கால்ல மிச்சம் நிக்கிற கன்றை எடுத்து அளங்க. பைனை பைனோட, ஃபிரை ஃபிரோட ஒப்பிடுங்க.

மூணு வாரம் கையில இருக்கிறதால புதுவேர் சோதனையும் போட்டுடலாம். தொகுதிக்கு 15லிருந்து 25 கன்று. வேர்க்கட்டியை மெதுவாக் கழுவி, ஏதாவது வெள்ளை நுனி இருந்தா கிள்ளிட்டு, பீட்டும் பெர்லைட்டும் கலந்த தொட்டியில நடுங்க. 20லிருந்து 25 டிகிரி, 16 மணி நேரம் வெளிச்சம், நல்ல ஈரக்காற்று. 14 நாள் கழிச்சுக் கழுவி, 1 செ.மீ.க்கு மேல நீண்ட புது வெள்ளை வேரை எண்ணுங்க. ஒண்ணொண்ணா எண்ணி மாளாது. ஆய்வாளர் பர்டெட் 1979ல கொடுத்த அளவுகோல் போதும். புது வேரே இல்லேன்னா 0. இருக்கு, ஆனா 1 செ.மீ. தாண்டலேன்னா 1. தாண்டினது 1 முதல் 3 வரைன்னா 2. 4 முதல் 10 வரைன்னா 3. 11 முதல் 30 வரைன்னா 4. 30க்கு மேல 5.

வெளிச்சத்துல கஞ்சத்தனம் வேண்டாம். டக்ளஸ் ஃபிர் புது வேர் விட அன்னன்னைக்கு ஊசி சமைக்கிற சர்க்கரையைத்தான் பெரும்பாலும் நம்பும், பழைய சேமிப்பை அல்ல. மங்கலான மூலையில வச்சா நல்ல கன்றும் பூஜ்யம் வாங்கும்.

சராசரியைவிட ‘0 வாங்கின கன்று எத்தனை’ங்கிற எண்ணிக்கை முக்கியம். 20ல 6 கன்று பூஜ்யம்னா சராசரி 3 வந்தாலும் அந்தப் பெட்டி சந்தேகத்துக்குரியது. ஆனா ஒரு எச்சரிக்கை: போதிய குளிர் படாம ஆழ்ந்த உறக்கத்துல இருக்கிற கன்றும் புது வேர் விடாது. பூஜ்யம் வந்த கன்றைக் கத்தியில பாருங்க. உள்ளே வெள்ளையா, கசிவும் குறைவா இருந்தா அது தூங்குது, சாகல.

பதியம்77

மிக்க நன்றி. முதல் அளவுகள். சுவரில் பிளஸ் 2; நடு அடுக்குப் பெட்டிகளின் உள்ளே 5.5. டக்ளஸ் ஃபிர் வேர்க் கசிவு: ஓரப் பெட்டிகள் சராசரி 14 சதவீதம், வாடை அடித்த நடுப் பெட்டிகள் 38. நாற்றங்காலில் மிச்சம் நின்ற அதே தொகுதிக் கன்றுகள் 12. நடுப் பெட்டிகளில் 15 கன்றில் 4 கன்றுக்கு இரண்டாம் அளவு கிராமுக்குப் பாதியாகக் குறைந்திருக்கிறது. புதுவேர் சோதனை போட்டாயிற்று, முடிவு வர 12 நாள் ஆகும். அதுவரை பெட்டிகளை என்ன செய்வது?

வேர்க்கழுத்து

அந்த நான்கு கன்று நீண்ட நாளுக்கு முன்பே செத்தவை. அப்படியானால் 38 என்பதே குறைத்துச் சொன்ன எண். நடுப் பெட்டிகளை அடுக்கிலிருந்து எடுத்துத் தனியாக வையுங்கள். புதுவேர் முடிவு வந்து அதில் பாதிக்கு மேல் பூஜ்யம் என்றால் பெட்டியோடு கழிப்பதே மேல். ஒவ்வொரு கன்றாகப் பொறுக்கி நல்லதைத் தேற்றுவது சாத்தியம் என்று தோன்றும்; வேர் பாதி செத்த கன்றைக் கண்ணால் பொறுக்க முடியாது. நட்ட பிறகு பட்டுப்போய் மறு நடவு செய்யும் வேலை, கன்றின் விலையைவிடப் பல மடங்கு.

ஓரப் பெட்டிகள் நன்றாக இருக்கின்றன. இன்றே அடுக்கைப் பிரித்து, பெட்டிக்கும் பெட்டிக்கும் ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள், அடியில் மரச்சட்டம். அறையை பிளஸ் 1க்கு இறக்குங்கள். இந்த நிலையில் மைனஸுக்குக் கொண்டுபோக வேண்டாம். உறக்கம் பாதி கலைந்த வேர் உறைபனியைத் தாங்காது. 12 நாள் முடிந்ததும், காத்திராமல், பூஞ்சணம் தொட்ட பெட்டிகளை முதலில் நடுங்கள். பிளஸ் வெப்பத்தில் கிடங்கு வைப்பு இரண்டு மாதத்துக்குள் முடிவதே நல்லது. உங்கள் திட்டப்படி மொத்தம் 10 வாரம், அது எல்லையைத் தாண்டிவிடும்.

தட்டும்தராசும்

நாற்றங்காலில் என்ன அளப்பது என்ற கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை. சிக்கலின் வேர் அங்கேதான். குளிர்கிடங்கு எந்தக் கன்றையும் தேற்றாது. உள்ளே போன தரத்தைவிடக் கீழேதான் வெளியே வரும்.

வளரும் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தொகுதிக்கு 50 கன்று, ஓரத் தட்டு நடுத் தட்டு கலந்து: உயரம் செ.மீ.யில், வேர்க்கழுத்து விட்டம் மி.மீ.யில். உயரத்தை விட்டத்தால் வகுத்தால் வருவது ஒல்லி எண். 6 அளவில் இருந்தால் திடம். குழித்தட்டுக் கன்றில் 8ஐத் தாண்டினால் வெளிச்சத்துக்கு நெருக்கியடித்து ஒடிசலாகிவிட்டது. பின்னால் போட்ரைடிஸ் பிடிக்கும் அந்தச் செத்த அடி ஊசிகள் இந்த நெருக்கத்தில்தான் உருவாகின்றன.

மாதம் ஒருமுறை 10 கன்றை வெட்டி, 70 டிகிரியில் 48 மணி நேரம் உலர்த்தித் தண்டையும் வேரையும் தனித்தனியாக நிறுங்கள். குழித்தட்டுக் கன்றில் தண்டு வேரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது. இரண்டையும் ஒரே எண்ணில் அடக்க டிக்சன் தரக்குறியீடு: மொத்த உலர் எடையை, ஒல்லி எண்ணும் தண்டு-வேர் விகிதமும் கூட்டியதால் வகுக்க வேண்டும். 24 செ.மீ. உயரம், 4 மி.மீ. விட்டம், தண்டு 2 கிராம், வேர் 1 கிராம் என்றால் 3ஐ 8ஆல் வகுத்து 0.375. அதிகம் நல்லது, ஆனால் ஒரே இனத்துக்குள், ஒரே அளவுத் தட்டுக்குள் மட்டும் ஒப்பிடத் தகும்.

நீர் பாய்ச்சலுக்குத் தட்டின் எடைதான் சரியான வழிகாட்டி. நன்றாக நனைத்து வடிந்த தட்டின் எடையைக் குறித்துக்கொண்டு, வளரும் பருவத்தில் அதில் 75 முதல் 80 சதவீதத்துக்கு இறங்கும்போது மறுபடி நீர். தினமும் நனைந்தே கிடக்கும் தட்டில்தான் வேரழுகலும் பூஞ்சைக் கொசுவும். மஞ்சளைப் படிப்பது எளிது: அடி ஊசியிலிருந்து மஞ்சள் ஏறினால் தழைச்சத்துக் குறை, புதுக் குருத்து மஞ்சளாகி அடி பச்சையாக இருந்தால் இரும்புக் குறை, பெரும்பாலும் ஊடகத்தின் கார அமில நிலை ஏறியதால். ஊசியிலைக் கன்றுக்கு 5க்கும் 6க்கும் இடையில் வைத்தால் நல்லது.

எடுக்கும் நாள்தான் எல்லாவற்றிலும் முக்கியம். நாட்காட்டியைப் பார்த்து எடுக்காதீர்கள். 5 டிகிரிக்குக் கீழே கழிந்த மணிகளைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். 300, 400ஐத் தொடும்போது சோதனையைத் தொடங்குங்கள். உறுதி செய்வது உறைபனிச் சோதனை: வேர்க்கட்டியைக் காப்புறையில் பொதிந்து, மணிக்கு 5 டிகிரிக்கு மேல் போகாமல் குளிரவைத்து, மைனஸ் 18 டிகிரியில் சில மணி நேரம் நிறுத்தி, மெதுவாக இளக்கி, கண்ணாடிக் கூடத்தில் 7 நாள் வைத்து ஊசி பழுத்த பங்கைப் பாருங்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இந்த வெப்பத்தில் காயம் 25 சதவீதத்துக்குள் இருந்தால் கிடங்குக்குத் தயார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உறைநிலைக் கிடங்குகூட மைனஸ் 2தான், எதற்கு மைனஸ் 18 என்று கேட்கலாம். தண்டின் குளிர்த்தாங்கல் உறக்கத்தின் ஆழத்துக்கும் இருட்டில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் திறனுக்கும் ஒரு பதிலி அளவு, அவ்வளவுதான். வேர் அந்தக் குளிரைத் தாங்காது. அதனால்தான் பொதிய வேண்டும்.

எடுக்கும்போது தண்டின் நீர் அழுத்தம் பார்க்கப் பிரஷர் சேம்பர் இருந்தால், விடியற்காலையில் மைனஸ் 0.5 மெகா பாஸ்கலுக்கு அருகில் இருக்க வேண்டும். மைனஸ் 1ஐத் தாண்டினால் வேலையை நிறுத்தி நனைத்துவிட்டுத் தொடருங்கள். வாடிப்போய் உள்ளே போன கன்று கிடங்கில் ஈரம் ஏறித் தேறாது.

புதுவேர்

மைனஸ் கேள்விக்கு நான் சொல்றேன். இரண்டு மாதத்துக்கு மேல வைக்கணும்னா மைனஸ் 2தான், மைனஸ் 4க்குக் கீழ வேண்டாம். 6 மாதம் வரைகூட நிக்கும். போட்ரைடிஸ் நின்னுடும், மூச்சு வேகமும் குறையும். ஆனா மேல சொன்ன உறைபனிச் சோதனையில தேறாத தொகுதியை உள்ளே வச்சா மொத்தமும் போகும்.

அங்கே கெடுக்கிறது உலர்வு. உறையில ஓட்டை இருந்தாலோ, விசிறியும் பனி நீக்கியும் ஓடி வெப்பம் ஏறி இறங்கினாலோ கன்றிலிருந்து ஈரம் கிளம்பி உறையின் உள்பக்கத்துல பனித்தூளாப் படியும். மாதிரிப் பெட்டியில கனமான பனித்தூள் இருந்தா அந்தக் கன்று அவ்வளவு தண்ணியை இழந்திருக்குன்னு அர்த்தம். பெட்டியோட 5 கன்றை எடைபோட்டுக் குறிச்சு, மாதம் ஒருதடவை மறுபடி நிறுத்துப் பாருங்க.

இளக்குறது 5லிருந்து 10 டிகிரியில, வெயில் படாம, பெட்டியைத் தனித்தனியாப் பிரிச்சு. அடுக்கிலேயே விட்டா வெளிப்பெட்டி இளகி மூச்சுவிட ஆரம்பிக்கும்போது நடுப்பெட்டி கல்லா இருக்கும். வேகமா இளக்கினா செத்துடும்னு ஒரு பயம் உண்டு. பெரும்பாலும் அப்படி ஆகறதில்ல. கேடு வர்றது இளகினதை மறுபடி வாரக்கணக்கில வைக்கிறதாலதான். உறைஞ்ச வேர்க்கட்டிகளைப் பிய்க்காதீங்க, மெல்லிய வேர் அறுந்துடும்.

இலைச்சருகு

குறுக்கே ஒரு கேள்வி. தேக்கு, மகோகனி போன்ற வெப்பமண்டலக் கன்றுகளையும் இப்படி வைக்கலாமா?

தட்டும்தராசும்

வேண்டாம். இந்த இனங்களுக்குக் குளிரில் உறங்கும் பழக்கமே இல்லை. 10, 12 டிகிரிக்குக் கீழே பலவும் உறையாமலேயே குளிர்க்காயம் படும். வெளியே எடுத்த ஓரிரு நாளில் இலை கறுத்து நீர்கோத்துத் தொங்கும். நடவு தள்ளிப்போனால் நிழல்வலைக்குக் கீழே, உரத்தைக் குறைத்து, நீரை அளந்து, வளர்ச்சியை மட்டும் தணித்து வையுங்கள். தேக்கில் தண்டையும் வேரையும் கத்தரித்த குச்சிக்கன்றாக்கி நிழலில் உலர்ந்த மணலில் வைக்கும் வழி உண்டு. அங்கேயும் குச்சியைச் சுரண்டி, பட்டைக்கடியில் ஈரப்பச்சை இருக்கிறதா என்று பார்த்துத்தான் நட வேண்டும்.